பழைய புல்லட்டில் தவிலை எப்படிக் கட்டிக்கொண்டு போவது?

குடவாசல் தவில்

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் தவில் வாசிக்கிறவன், ஊர் குடவாசல் பக்கம். வெளியூர்க் கல்யாணம், பெரிய கோயில் உற்சவம் என்றால் செட்டோடு வேனில் போய்விடுவோம், அதில் ஒன்றும் சிரமமில்லை. உள்ளூர் வேலைதான் சிக்கல். நாச்சியார்கோவில், வலங்கைமான், எரவாஞ்சேரி, திருவாரூர் என்று பக்கத்திலேயே காதுகுத்து, சீமந்தம், பிரதோஷப் புறப்பாடு வரும். அதற்கெல்லாம் ஆட்டோ பிடித்தால் தட்டில் வைத்துக் கொடுக்கிற சம்பாவனையில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். பஸ்ஸில் போகலாம், போய்க்கொண்டும் இருக்கிறேன், ஆனால் புறப்பாடு முடிந்து சாமியை உள்ளே எழுந்தருளப் பண்ணிவிட்டு வெளியே வருகிற நேரத்துக்கு எந்த ஊரில் பஸ் இருக்கிறது?

வீட்டில் சித்தப்பா ஓட்டிய புல்லட் நிற்கிறது. ஸ்டாண்டர்ட் 350, 1987 மாடல், பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். எஞ்சின் வேலை முடித்துப் பதிவையும் புதுப்பித்தாகிவிட்டது, நன்றாகவே ஓடுகிறது. இதில் தவிலை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், கூடவே ஒரு பை. பையில் பட்டு வேட்டி, துண்டு, தவில் அடிக்கிற கழி, வாசிக்கும்போது விரலில் மாட்டுகிற கூடு வைக்கிற டப்பா, அவ்வளவுதான். தவில் உறையோடு பன்னிரண்டு கிலோவுக்கு மேலேயே வருகிறது, நீளம் ஒன்றரை அடி அளவு.

பின்னால் கேரியர் வாங்கிப் போட்டு அதில் கட்டலாமா, சீட்டிலேயே கட்டலாமா, இல்லை போலீஸ் புல்லட்டில் இருக்குமே அந்த மாதிரி சைடு பாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா? இந்த வண்டியின் அதிர்வில் தவிலுக்கு ஏதாவது ஆகுமோ என்றும் ஒரு பயம். வண்டியில் ஓட்டை போடுவதற்கோ வெல்டிங் வைப்பதற்கோ சித்தி ஒத்துக்கொள்ள மாட்டார், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

---

அரசலாற்றுப் புல்லட் (கும்பகோணம்)

தம்பி, புல்லட் சுமைக்குப் பயப்படுகிற வண்டி இல்லை. 1955-இல் திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்ட ஆரம்பித்ததே ராணுவம் இந்த வண்டியைக் கேட்டு வாங்கியதால்தான், எல்லையில் அதன் மேல் ஏற்றாத சாமான் கிடையாது. அதனால் பன்னிரண்டு கிலோ என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், உங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால் அதைப்போல ஐந்து மடங்கு. அந்தப் பன்னிரண்டு கிலோ எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஒரு பக்கமாக நின்று பாருங்கள். பின் சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருகிறவருடைய இடம் ஏறக்குறைய அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கும். கடையில் விற்கிற கேரியர் முழுக்க அந்தக் கோட்டுக்குப் பின்னால் தொங்கும். கோட்டுக்குப் பின்னால் எதை வைத்தாலும் அது முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, மெயின் ரோட்டில் ஐம்பது அறுபதைத் தொட்டதும் ஹேண்டில் லேசாகி உதற ஆரம்பிக்கும், பள்ளத்தில் விழுந்து எழுந்தால் அந்த உதறல் நிற்க நேரமாகும். எனவே தவில் சீட்டில், உங்கள் முதுகை ஒட்டி. கேரியர் போட்டால் அதில் மழைக்கோட்டு, துண்டு மாதிரி சாமான் மட்டும்.

கேரியர் விஷயத்தில் இன்னொன்று. பழைய வண்டிக்கென்று விற்பதில் பாதி, பின் மட்கார்டின் தகட்டில் மட்டும் போல்ட் போட்டு நிற்கிற ரகம். அந்தத் தகடு சுமை தாங்கச் செய்ததில்லை. கொஞ்ச நாள் ஓடியதும் போல்ட் ஓட்டையைச் சுற்றி பெயிண்ட் மேல் மெல்லிசாக ஒரு துருக்கோடு தெரியும், விரலால் தடவினால் கையில் பழுப்பு ஒட்டும். அது துரு இல்லை, விரிசல், உள்ளே தகடு பிளந்து இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று உரசி வருகிற பொடி. அதற்குப் பிறகு ஒரு நல்ல பள்ளம் போதும், டெயில் லேம்ப்போடு சேர்ந்து தொங்கிவிடும். உங்கள் சித்தி சொல்வது போல ஓட்டை போடாமலே நிற்கிற கேரியர் இருக்கிறது: இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில் ஒரு கால், பின்னால் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிற வளைந்த கம்பியில் கிளாம்ப். அந்த மாதிரி கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம், அதில்லாமலே உங்கள் காரியம் நடக்கும்.

சைடு பாக்ஸ் பார்க்க அழகு, ஆனால் இரும்புப் பெட்டி காலியாகவே கனம், அதற்குள் தவில் நுழையவும் நுழையாது. வேட்டி துண்டுக்கு இரும்புப் பெட்டி எதற்கு? இடது பக்கம் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற சேலை கார்டு இருக்கிறதல்லவா, பலர் அழகு போய்விட்டது என்று கழற்றி எறிகிறார்கள், உங்கள் வண்டியில் இருந்தால் தொடவே தொடாதீர்கள். ஒரு கித்தான் பையை அதன் மேல் தொங்கவிட்டு மேலும் கீழும் வார் போட்டு இறுக்கினால் போதும், பை சக்கரத்துக்குள் போகாமல் அதுவே தடுக்கும். வலது பக்கம் சைலன்சர், அந்தப் பக்கம் எதையும் தொங்கவிடாதீர்கள்.

அப்புறம் ஏறி உட்காருவது. பின்னால் தவில் இருக்கும்போது வழக்கம் போலக் காலைப் பின்பக்கமாகச் சுழற்றி ஏற முடியாது, டேங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டியை மடக்கித் தாண்ட வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு இதைச் செய்வதை வீட்டு வாசலிலேயே பழகிவிட்டுப் போங்கள், கல்யாண மண்டபத்து வாசலில் பழகாதீர்கள்.

---

எக்ஸெல் போதுமே (திருத்துறைப்பூண்டி)

இவ்வளவு யோசனை எதற்கு சார். டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று வாங்குங்கள், முன்னால் கால் வைக்கிற இடத்தில் தவிலை நிறுத்துங்கள், போய்க்கொண்டே இருங்கள். எங்கள் பக்கம் நெல் மூட்டை, ஆட்டுக்குட்டி, சமையல்காரர் அண்டா எல்லாம் அதில்தான் போகிறது. புல்லட் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு.

---

அரசலாற்றுப் புல்லட்

எக்ஸெல் தம்பி சொல்வதில் தப்பில்லை, சுமைக்கு அதுதான் ராஜா. ஆனால் அவர் கேட்டது சித்தப்பா வண்டியைப் பற்றி.

---

ஆச்சா மரம் (ஆடுதுறை)

நானும் அந்தத் தொழில்தான், நாயனம். வண்டியைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது, வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பைக்கில் கட்டுகிறவர்கள் வண்டிக்கு எது வசதி என்று பார்த்துக் கட்டுகிறார்களே தவிர தவிலுக்கு எது வசதி என்று பார்ப்பதில்லை.

முதலில் தவிலை நிற்க வைத்துக் கட்டாதீர்கள். வலது முகமான வலந்தலையோ இடது முகமான தொப்பியோ எது அடியில் வந்தாலும் மொத்தக் கனமும், அதோடு ரோட்டில் வாங்குகிற ஒவ்வொரு குத்தும் தோலைப் பிடித்திருக்கிற வளையத்தின் மேலும் தோலின் மேலும்தான் இறங்கும். படுக்க வைத்துத்தான் கட்ட வேண்டும். படுக்க வைக்கும்போது நீளவாக்கில் வைத்தால் தோல் ஒன்று உங்கள் முதுகில் இடிக்கும், பிரேக் அடிக்கிற ஒவ்வொரு முறையும் இடிக்கும். ஆகவே குறுக்காக. தோல் இரண்டும் இடம் வலமாகப் பார்க்கட்டும், ஒன்றரை அடிதானே, உங்கள் தொடைக்கும் ஹேண்டிலுக்கும் உள்ளேயே அடங்கிவிடும்.

குறுக்காக வைத்தால் உருளும். அதற்குத்தான் ஒரு தொட்டில் மாதிரி செய்துகொள்ள வேண்டும். தச்சரிடம் சொல்லி, சீட்டின் அகலத்துக்கு ஒரு பலகை, அதன் மேல் முன்னும் பின்னும் இரண்டு கட்டை, தவிலின் வயிறு உட்காருகிற அளவுக்கு வளைவாக வெட்டிய கட்டை. கவனம், கட்டை தவிலின் உடலான பலா மரச் சட்டத்தைத்தான் தாங்க வேண்டும், வளையத்தைத் தொடக் கூடாது. வளையம் சட்டத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பலகை அகலமாக இருந்துவிட்டால் வளையம் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் நீங்கள் கயிறு இறுக்க இறுக்க வளையம் கோணிக்கொண்டே போகும், மறுநாள் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் பேசும். வளைவுக்கு மேல் பழைய கம்பளியோ ரப்பர் பாயோ ஒட்டுங்கள்.

உறை இருந்தால் மட்டும் போதாது, இரண்டு தோலுக்கும் மூடி வேண்டும். ப்ளைவுட்டை வட்டமாக வெட்டி, வளையத்தின் ஓரத்தில் மட்டும் படுகிற மாதிரி ஓரத்தைச் சுற்றி ஸ்பாஞ்ச் ஒட்டி, உறைக்குள்ளே இரண்டு பக்கமும் சொருகிவிடுங்கள். கும்பகோணத்தில் பஸ் எவ்வளவு ஒட்டி வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எவனாவது ஒரு பையன் சைக்கிள் ஹேண்டிலால் குத்தினாலும் போச்சு.

அதிர்வைப் பற்றிக் கேட்டீர்கள். தோலுக்கு ஒன்றும் ஆகாது. இப்போது எல்லோரும் ஸ்டீல் வளையம், நட்டு போல்ட் போட்ட தவில்தான் வைத்திருக்கிறோம், அந்த நட்டுதான் தளரும். பழைய வார் பிடித்த தவிலாக இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. போய் இறங்கியதும் சுருதி சேர்ப்பதற்கு முன்னால் எல்லா நட்டையும் ஒரு சுற்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

வெயிலும் பனியும் இதைவிடப் பெரிய விஷயம். உச்சி வெயிலில் முக்கால் மணி நேரம் திறந்த வண்டியில் போனால் தோல் விண்ணென்று ஏறி நிற்கும், அந்தச் சமயத்தில் இன்னும் இறுக்கினால் கிழிந்துவிடும். நிழலில் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் தொடுங்கள். மார்கழி விடியற்காலை நேர் எதிர், தோல் தொய்ந்து தொப்பி தொப்பென்று இருக்கும். மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் உறை போடத்தான் வேண்டும், ஆனால் இறங்கியவுடன் அதை உருவிவிடுங்கள், உள்ளே வேர்த்துக்கொண்டு கிடந்தால் மழையில் நனைந்ததற்குச் சமம்.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தார்கள், சந்தோஷம். அதை பைக்கில் கொண்டு போக ஒரு நல்ல உறை யாராவது செய்து கொடுத்தால் இன்னும் சந்தோஷம்.

---

குடவாசல் தவில்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தொட்டில் யோசனை நன்றாக இருக்கிறது, எங்கள் தெருவிலேயே ஆசாரி இருக்கிறார். அண்ணே, அந்தப் பலகையைச் சீட்டோடு எப்படிப் பிடிப்பது? சீட்டில் ஓட்டை போட முடியாது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கடையில் விற்கிறார்களே, அது போதுமா? இன்னொரு கேள்வி, மச்சானைப் பின்னால் உட்கார வைத்து மடியில் தவிலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதுதான் இங்கே எல்லோரும் செய்வது, அதில் என்ன கெடுதல்?

---

பட்டறை (தஞ்சாவூர்)

எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். அது ஹெல்மெட்டைக் கட்ட, காய்கறிப் பையைக் கட்ட. பன்னிரண்டு கிலோ ஒரு பள்ளத்தில் மேலே எழும்பும்போது அது நீண்டு கொடுக்கும், இரண்டு மூன்று முறை நீண்டால் சாமான் இடம் மாறியிருக்கும், கொக்கி கழன்றால் நேரே பின் சக்கரத்தின் ஆரத்துக்குள் போகும். லாரிக்காரர்கள் வைத்திருக்கிற ராட்செட் பெல்ட் சின்ன சைஸில், ஒரு அங்குல அகலத்தில் கிடைக்கிறது, இரண்டு வாங்குங்கள். ஒன்று பலகைக்கு, ஒன்று தவிலுக்கு. பலகை பெல்ட்டைச் சீட்டுக்கு அடியில் சுற்றி எடுங்கள், சீட்டின் இரண்டு போல்ட்டையும் கழற்றினால் சீட் கையோடு வந்துவிடும், அடியில் பெல்ட்டைப் போட்டுத் திரும்ப மாட்டினால் ஓட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். ஒயர் கட்டு எதையும் பெல்ட் நசுக்கவில்லை என்று மட்டும் பாருங்கள். தவில் பெல்ட்டை இரண்டு பக்கமும் ஷாக் மேல் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஃப்ரேம் கம்பியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். மிஞ்சுகிற வால் தொங்கக் கூடாது, சுருட்டி முடிச்சுப் போட்டு உள்ளே சொருகுங்கள். ராட்செட்டில் பலம் அதிகம், கையில் வருகிறதே என்று கடகடவென்று இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், நாயனக்காரர் சொன்ன மாதிரி வாத்தியம் கோணும். தவிலைப் பிடித்து ஆட்டினால் வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும், அது போதும்.

கிளம்பிப் பத்து நிமிஷத்தில் ஒரு தடவை நிறுத்தி பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். சீட்டின் ஸ்பாஞ்ச் அமுங்கி பெல்ட் தளர்ந்திருக்கும். அதற்கப்புறம் தளராது.

மச்சான் மடியைப் பற்றி. நீங்கள் திடீரென்று பிரேக் அடித்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது, இரண்டு கையும் தவிலில். தவில், மச்சான் இரண்டு பேரும் உங்கள் முதுகில் வந்து விழுவார்கள். புல்லட் முன் பிரேக் டிரம், அதுவும் 87 வண்டி, இன்றைக்கு வருகிற டிஸ்க் பிரேக் வண்டி மாதிரி நிற்கும் என்று நினைக்கக் கூடாது. ஆள் ஏறினால் நிற்கிற தூரம் கூடத்தான் செய்யும்.

இப்போது வண்டி பக்கம். தவில் ஒன்றுக்காகப் பெரிய வேலை எதுவும் வேண்டாம், ஆனால் பழைய வண்டி என்பதால் நாலு இடம் பார்த்துவிடுங்கள். பின் டயரில் தனி ஆளுக்குக் காற்று 28 பவுண்டு வைப்போம், சுமைக்கு 30 வையுங்கள். ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டின காலர் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒரு படி ஏற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஏற்றிவிட்டு வண்டி கோணலாகப் போகிறது என்று பட்டறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். செயினைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பார்த்து இறுக்காதீர்கள், தவிலைக் கட்டி நீங்களும் உட்கார்ந்தபின் வேறு ஒருவரை விட்டு நடு இடத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கால் அங்குலமாவது ஆட வேண்டும், சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி எந்த இடத்தில் இறுக்கமோ அந்த இடத்தில் பாருங்கள். பின் சக்கரத்து ஆரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், தவில் வாசிக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தளர்ந்த கம்பி மட்டும் செத்த சத்தமாகக் கேட்கும்.

பின்னால் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவன் கண்ணுக்கு அடிக்கும், உங்களுக்கு ரோடு தெரியாது. ராத்திரி திரும்புகிறவர் என்கிறீர்கள், அதனால் சுமையோடு வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி லைட்டை இறக்கிவிடுங்கள். வண்டி இன்னும் 6 வோல்ட்டில் ஓடினால் முதல் செலவு அதை 12-க்கு மாற்றுவது, கேரியர் எல்லாம் அப்புறம்.

ஸ்டாண்ட் விஷயம்: முதலில் சென்டர் ஸ்டாண்ட், அப்புறம் தவில். இறக்கும்போது முதலில் தவில், அப்புறம் ஸ்டாண்ட். சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு தவிலைக் கட்டாதீர்கள். நம் ஊர் களிமண்ணில் ஐப்பசி கார்த்திகையில் சைடு ஸ்டாண்ட் நின்ற இடத்திலேயே முழுகிவிடும், பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு கிடக்கட்டும்.

---

ரோட்கிங் (மயிலாடுதுறை)

புல்லட் அண்ணன் வலது பக்கம் எதையும் தொங்கவிடாதே என்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் இருப்பது யெஸ்டி, மைசூரில் செய்த வண்டி, அந்தத் தொழிற்சாலையே 1996-இல் மூடியாகிவிட்டது. யெஸ்டிக்கு இரண்டு பக்கமும் சைலன்சர், நான் இரண்டு பக்கமும் பை கட்டித்தான் பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று சுற்றுகிறேன். சைலன்சருக்கும் பைக்கும் நடுவில் காற்று போக இடைவெளி இருந்தால் போதும், பை அடியில் வளைத்த ஒரு கம்பியை வைத்துத் தாங்கினால் துணி ஒருபோதும் சைலன்சரில் ஒட்டாது. இடது பக்கம் மட்டும் தொங்கவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்காதா?

---

அரசலாற்றுப் புல்லட்

ஒரு பட்டு வேட்டியும் துண்டும் இழுத்தா வண்டி சாயப்போகிறது? பத்துப் பத்து கிலோ இரண்டு பக்கமும் ஏற்றுகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. இவருக்குப் பட்டு வேட்டி. ஜரிகையில் சூடு பட்டால் யார் பொறுப்பு? உங்கள் டூ ஸ்ட்ரோக் சைலன்சர் முனையில் வழிகிற எண்ணெய் பையில் படுமே, அதையும் சொல்லிவிடுங்கள்.

---

ரோட்கிங்

படும். அதற்குத்தான் கறுப்புப் பை வாங்கினேன்.

---

பாமணியாறு (மன்னார்குடி)

சட்டம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், யாரும் சொல்லவில்லை. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. டூ வீலரில் பெட்டி பொருத்தினால் நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500 தாண்டக் கூடாது. பின்னால் ஆள் உட்காருகிற இடத்தில் பெட்டியைப் பொருத்தினால் ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம், இன்னொரு ஆள் கூடாது. உங்கள் தவில் தொட்டிலோடு சேர்ந்தே அந்த அளவுக்குள் வந்துவிடும், ஆகவே அந்த அளவையே வைத்துக்கொண்டு செய்யுங்கள், எங்கே நிறுத்திக் கேட்டாலும் பேச்சுக்கு இடமிருக்காது. டெயில் லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது, தார்ப்பாய் உறையின் ஓரம் தொங்கி அதை மறைப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

சட்டத்தை விடுங்கள், நம் ரோடு. தை, மாசியில் சம்பா அறுவடை நேரத்தில் பாதி ரோடு களம்தான். ஒரு பக்கம் நெல் காயும், ஓரத்தில் கல் வரிசை அடுக்கியிருப்பார்கள், ராத்திரியில் அந்தக் கல் கண்ணுக்கே தெரியாது. நெல்லைக் கண்டால் பிரேக் அடிக்காதீர்கள், அதன் மேல் ஏறித் திருப்பாதீர்கள், முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நேராகத் தாண்டுங்கள். வைக்கோல் அதைவிட மோசம், பனியில் நனைந்த வைக்கோலில் 19 அங்குலச் சக்கரத்து ஒல்லி டயர் சும்மாவே வழுக்கும், பின்னால் சுமை வேறு. அறுவடை மிஷின் வயலிலிருந்து ஏறுகிற இடத்தில் ரோட்டில் வண்டல் அப்பியிருக்கும், காய்ந்திருந்தால் மேடு, ஈரமாக இருந்தால் எண்ணெய். ஆற்றங்கரை ரோட்டில் குறுக்கு வழி போக ஆசை வரும். பகலில் போங்கள். ராத்திரி தவிலோடு வேண்டாம், ஒரு பக்கம் வாய்க்கால் ஒரு பக்கம் ஆறு, எதிரே வைக்கோல் ஏற்றின டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை.

---

ஆச்சா மரம்

மன்னார்குடிக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் ஞாபகம் வந்தது, விரல் கூடு. அதைத் தொங்குகிற பையில் போடாதீர்கள், பை ஆடி ஆடி டப்பாவுக்குள் கூடு ஒன்றோடொன்று இடித்து விளிம்பு உடையும். துணி சுற்றி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூவரசங்கழியைத் தவில் உறைக்கு உள்ளேயே சொருகாதீர்கள், வழியில் ஆடித் தோலில் குத்தும். கழி பையில், கூடு சட்டையில்.

---

குடவாசல் தவில்

சரி, முடிவு செய்துவிட்டேன். தொட்டில் ஆசாரியிடம் சொல்லியாயிற்று, வேங்கையில் செய்கிறேன் என்றார், வேண்டாம், கனம், ப்ளைவுட் போதும் என்று சொல்லிவிட்டேன். கேரியர் இப்போதைக்கு இல்லை. சேலை கார்டு நல்லவேளையாகச் சித்தி கழற்ற விடவில்லை, அப்படியே இருக்கிறது. ராட்செட் பெல்ட் திருவாரூரில் கிடைத்துவிட்டது. 6 வோல்ட்தான், அதை மாற்றத் தஞ்சாவூர் வர வேண்டும், பட்டறை அண்ணே, எந்தக் கிழமை வந்தால் நீங்கள் இருப்பீர்கள்?

கடைசியாக ஒன்று. சில சமயம் நாயனக்காரர் என்னோடு வருவதாகச் சொல்கிறார், எங்கள் ஊர்தான். தவில் சீட்டில் இருந்தால் அவரை எங்கே உட்கார வைப்பது?

---

பட்டறை

ஞாயிறு தவிர எந்த நாளும் வாருங்கள், காலையில் வந்தால் சாயங்காலம் எடுத்துப் போகலாம். ரெகுலேட்டர், பேட்டரி, பல்பு, ஹாரன் எல்லாம் மாறும், அதற்கான பணத்தோடு வாருங்கள். தவிலையும் எடுத்து வாருங்கள், கட்டிப் பார்த்து லைட்டை அங்கேயே இறக்கித் தந்துவிடுகிறேன்.

நாயனக்காரருக்கு இடமில்லை. அவரை எக்ஸெல் வாங்கச் சொல்லுங்கள்.

---

எக்ஸெல் போதுமே

நான் முதலிலேயே சொன்னேன்.